பெயர் எழுதிய ஓவியங்கள்

அகதிகளைக் குழுவாக அமர்த்தி வரையச் செய்து மனப்புண் ஆற்றும் நெறி, இன்று அருங்காட்சியகங்களில் இடம்பெறுகிறது. அதன் வேர்களுள் ஒன்று பிராக் நகரில் ஊன்றியது. வியன்னாவில் 1898இல் பிறந்த ஓவியர் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ், 1934இல் அங்கே புகலிடம் தேடினார். தம்மைப் போன்றே ஏதிலியராய் வந்தோரின் குழந்தைகளுக்கு ஓவியம் பயிற்றினார். அவ்வகுப்பில் உடனிருந்த மாணவி எடித் கிராமர், 1938இல் நியூயார்க் சென்று, பின்னாளில் ஓவியச் சிகிச்சையின் முன்னோடியானார்.

ஆசிரியரோ 1942 டிசம்பரில் தெரெசின் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கும் வகுப்பு நின்றுவிடவில்லை. மனிதரை எண்களாக்கிய அவ்விடத்தில், குழந்தைகளைத் தம் ஓவியங்களில் பெயரெழுதச் செய்தார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்.

அவர் விட்டுச்சென்ற இரு பெட்டிகளில் இருந்த ஏறத்தாழ 4,500 ஓவியங்களைப் பிராக் யூத அருங்காட்சியகம் காத்து வருகிறது. வரைந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் உயிர் மீளவில்லை. அவர்கள் எழுதிய பெயர்கள் அங்கே இருக்கின்றன.