கடலும் காடும் கடந்த வழி: கதிர்காமப் பாதயாத்திரை ஒரு வரலாற்று நோக்கு

பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் செலுத்துவதே அவற்றின் நோக்கம். எனினும் அவற்றின் பெரும்பகுதியை நிரப்பி நிற்பது வழிதான். எவ்விடத்து எந்நிலம், அங்கு வாழ்வோர் யாவர், அவர் இடும் உணவு யாது என்பவற்றை நடந்தவன் நடக்கவிருப்பவனுக்குச் சொல்கிறான். ஏட்டில் நின்ற இம்மரபு நடப்போர் வாய்மொழியிலும் நின்று நிலவியதற்கு ஈழத்தின் கீழைக் கடற்கரையில் ஒரு சான்று உண்டு. அதுவே கதிர்காமப் பாதயாத்திரை.

யாழ்ப்பாணத்தின் வடகரையில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் தொடங்கும் இவ்வழி முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் எனத் தெற்கு நோக்கி நீள்கிறது. முழுவழியும் நடப்பார்க்கு ஒன்றரைத் திங்களுக்கு மேலாகும். பொத்துவில் வரையில் ஊர்களும் கோயில்களும் அடியார்க்குச் சோறும் நிழலும் தருகின்றன. சிங்களரும் தமிழரும் மணவுறவால் கலந்து வாழும் பாணமையே கடைசி ஊர். அதற்கப்பால் கடலோரப் பாறையடியில் அமைந்த உகந்தை முருகன் கோயிலில் காடு தொடங்குகிறது. முருகன் கல்லோடத்தில் வந்து இக்கரையில் இறங்கினான் என்பது ஐதிகம்.

உகந்தையிலிருந்து கதிர்காமம் வரையுள்ள ஐந்து முதல் ஏழு நாள் நடையே யாத்திரையின் உயிர்ப்பகுதி எனலாம். ஒருபுறம் கடலும் மணற்குன்றுகளும், மறுபுறம் களப்புகளும் முட்காடும். சிலவிடத்துக் கரையை ஒட்டியும் சிலவிடத்து உள்வாங்கியும் செல்லும் வழி, இறுதியில் கடலை விட்டு விலகி மாணிக்க கங்கையின் நாட்டுக்குள் புகுகிறது. ஆற்றங்கரைகளில் மருதமரங்கள் ஓங்கி நிற்கின்றன. மற்றை இடங்களில் வீரையும், ஈழத்தார் பாலை என வழங்கும் மரமும் மிகுதி. பாலை பழுக்கும் பருவமும் யாத்திரைப் பருவமும் ஒன்றே. பழத்தை நாடிக் கரடிகள் மரமேறும் காலத்திலேயே அடியார்கள் அம்மரங்களின் கீழ் நடக்கின்றனர்.

ஆடி விழாவை ஒட்டி இந்நடை அமைந்தமைக்கு நிலமும் ஒரு காரணமாம். இக்கரைக்கு மழை தருவது ஐப்பசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவக்காற்று. மழைக்காலத்தில் குமுக்கன் ஆற்றைக் கடத்தல் அரிது. ஆடியில் ஆறு வற்றிக் காலால் கடக்கலாகும். ஆனால் ஆறு வழிவிடும் அக்காலமே குடிநீர் அரிதாகும் காலமும் ஆகும். மணலைத் தோண்டி ஊறும் நீரை அள்ளிக் குடித்தல் அடியாரின் பழைய வழக்கம். வாகூரவெட்டை, குமுக்கன், நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் எனத் தங்கல்களின் பெயர்களை அவர்கள் நிரல்படச் சொல்வர். கேட்போர்க்கு இது வெறும் பெயர்வரிசையாகத் தோன்றும். நடப்போர்க்கோ அடுத்த நீர் எங்கே என்னும் அறிவு அது. பொருளால் நோக்கின் இப்பெயர்வரிசை ஓர் ஆற்றுப்படையே. குறிஞ்சிக் கிழவனைக் காண நெய்தலிலும் முல்லையிலும் நடந்து, கோடையால் திரிந்த நிலத்தின் வெம்மையையும் அறிந்தே சேரவேண்டியுள்ளமை திணைமரபு கற்றார் சிந்தைக்குரியது.

இன்று காடாகத் தோன்றும் இந்நிலம் என்றும் காடாக இருந்ததன்று. பண்டை உரோகண நாட்டின் ஒரு பகுதி இது. சித்துல்பவ்வக் குகைகளும் பிராமிக் கல்வெட்டுகளும் தூர்ந்த குளங்களும் மறைந்த குடியிருப்புகளைக் காட்டுகின்றன. 15ஆம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதர் கதிர்காமத்தைத் திருப்புகழில் பாடியுள்ளார். 1660 முதல் 1679 வரை கண்டியரசில் சிறைப்பட்டிருந்த இராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் இக்கரையின் உப்பு வழியையும் கதிர்காமக் கடவுளையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். அரசனுக்கு எதிராகப் போர்த்துக்கேயரிடமும் ஒல்லாந்தரிடமும் பணிபுரிந்த சிங்களரும், அக்கடவுளுக்கு அஞ்சி இவ்வழியே படை நடத்தத் துணைபுரியவில்லை என்பது அவர் தரும் செய்தி.

ஆங்கிலேயர் காலத்தில் இவ்வச்சம் வேறுருக் கொண்டது. யாத்திரிகர் கூட்டத்தில் வாந்திபேதி பரவும் என அஞ்சிய அரசு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அனுமதிச்சீட்டு முறையால் வருவோர் தொகையைக் கட்டுப்படுத்தியது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்து யாத்திரையை மேற்பார்வையிட்டவர் லெனாட் வூல்ஃப். 1913இல் அவர் எழுதிய காட்டுச் சிற்றூர் பற்றிய நாவலுக்குக் களமானது இப்பகுதியே. 1900இல் யால காப்புக்காடாயிற்று. 1938இல் தேசிய பூங்காவாயிற்று. 1970இல் அதன் கீழ்ப்பகுதியும் தனிப் பூங்காவாகி, 2006இல் குமண எனப் பெயர் பெற்றது. இவ்வாறு அடியார் வழியின் திறவுகோல் அரசின் கைக்கு மாறியது.

1983க்குப் பின் போர் இவ்வழியின் தொடர்ச்சியை அறுத்தது. 1988இல் அமெரிக்கரான பற்றிக் ஹரிகன் போன்றோரின் முயற்சியால் கீழைக்கரையில் நடை மீண்டும் உயிர்பெற்றது. வடமுனையிலிருந்து நடப்பது 2009இல் போர் ஓய்ந்த பின்னரே மீண்டும் இயல்பாயிற்று. இடையில் 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. கடற்காட்சிக்காக முன்னிருந்த மணற்குன்றின் ஒரு பகுதியை அகற்றியிருந்த விடுதி ஒன்று யாலவில் முற்றாக அழிந்ததை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். தலைமுறை தலைமுறையாக அடியார் ஏறி இறங்கிய மணல், நிலத்துக்கு அரணாகவும் இருந்தது என்பதை அந்நாள் உணர்த்திற்று.

இன்று உகந்தைக் காட்டுவாயில் ஆண்டில் சில நாள்களே திறக்கப்படுகிறது. அந்நாள்களில் பல்லாயிரவர் நடக்கின்றனர். இந்துக்களோடு பிற சமயத்தாரும் அவருள் உளர். ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே விளிப்பர். தண்ணீர் வண்டிகள் காட்டினுள் வந்து நிற்கின்றன. அன்னதானம் தங்கல்தோறும் கிடைக்கிறது. துன்பம் குறைந்தது நன்றே. ஆயின் ஊற்றுத் தோண்டத் தெரிந்த கைகள் குறைகின்றன. நெகிழிக் குப்பை காட்டில் எஞ்சுகிறது. நடப்போர் தொகை பெருகியபோதே வழியறிவு சுருங்கிவருவது இக்காலத்தின் முரண்.

கல்லில் பொறித்தவை காடு மூடிய பின்னும் எஞ்சின. இவ்வழியின் பெயர்களோ எக்கல்லிலும் இல்லை. நடப்போர் நாவிலேயே உள்ளன. பலமுறை நடந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். ஒவ்வொரு தங்கலின் பெயரையும், அப்பெயர் வந்த கதையையும், அங்கே நீர் ஊறும் இடத்தையும் அவர்தம் வாய்மொழியாகவே கேட்டு எழுதிவைத்தல் இலக்கிய வட்டங்கள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். அவ்வாறு தொகுக்கப்படுவது நம் காலத்து ஆற்றுப்படையாக நின்று, இனி நடப்பார்க்கு வழிசொல்லும்.