வளையம் போட்ட வாத்தும் கழுவெளிக் கணக்கும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வந்தால் பாத்தி பாத்தியாக உப்பளம் தெரியும். பக்கத்திலேயே கழுவெளி ஏரி. குளிர்காலத்தில் வந்து இறங்கும் உள்ளான் கூட்டத்தைப் பார்த்தால், இதை எப்படித்தான் எண்ணுகிறார்களோ என்று தோன்றும். ஒன்று எழும்பினால் மொத்தமும் எழும்பிவிடும்!

முழுசாக எண்ணாமலே தொகையைச் சொல்லும் வழி பறவைகளுக்காகப் பிறந்ததில்லை. 1802-ல் பிரான்சில் லாப்லாஸ் சில ஊர்களில் மட்டும் தலைகளை எண்ண வைத்தார். ஆண்டுக்கு ஒரு பிறப்புக்குச் சுமார் 28 பேர் என்று விகிதம் வந்தது. நாடு முழுக்க எத்தனை பிறப்பு என்று தெரிந்தால் பெருக்கிவிட வேண்டியதுதான்.

இதே கணக்கை டென்மார்க்கின் பீட்டர்சன் 1896-ல் மீன்களுக்குக் கொண்டுபோனார். 1930-ல் அமெரிக்காவின் ஃபிரடெரிக் லிங்கன் வாத்துகளுக்கு. நூறு வாத்துக்கு வளையம் மாட்டிப் பறக்க விடுங்கள். பிறகு வேட்டையில் விழுந்த 200 வாத்தில் 10-ல் வளையம் இருந்தால், இருபதில் ஒன்று வளையம் போட்டது. அப்படியானால் மொத்தம் 2000. எட்டாம் வகுப்பு விகிதம், அவ்வளவுதான் :-)

சிக்கல் எங்கே என்றால், லிங்கன் வேட்டைக்காரர்களின் சொல்லை நம்ப வேண்டியிருந்தது. 200 சுட்டதாகச் சொல்லிவிட்டு, 10 வளையத்தில் 5-ஐ மட்டும் அனுப்பினால்? மொத்தம் 4000 ஆகிவிடும். வளையம் கழன்று விழுந்தாலும் இதே கதி. பறவை கூடவில்லை, காகிதத்தில் மட்டும் இருமடங்கு. கணக்குப் பதிவியல் படிக்கிற எங்களுக்கு, இருப்பை ஏற்றிக் காட்டும் கடைதான் ஞாபகம் வரும்.

நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு கழுவெளியில் திருட்டுத்தனமாகப் பறவை பிடிப்பவர் வளையத்தைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. அதனால் பெரும்பாலும் கண்ணால் எண்ணுகிறார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. பெரிய கூட்டமென்றால் முதலில் நூறு பறவையை எண்ணி, அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அதுபோல் எத்தனை நூறு என்று மதிப்பிடுவார்கள். இதுவும் விகிதம்தான். நெருக்கமான ஓரத்தில் நூறை எடுத்து மற்ற இடத்துக்கும் பெருக்கினால் கதை கந்தல். ஏரியில் எண்ணிய கூட்டம் பறந்துபோய் உப்பளத்தில் இறங்கினால் இரண்டு தரம் எண்ணப்படும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும்.

சரி, தொகை கூடிப்போனால் யாருக்கு நஷ்டம்? கழுவெளி 2021-ல் சரணாலயமானது, 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ராம்சர் விதிகளில் ஒன்று, ஓர் இனத் தொகையில் 1 சதவீதமாவது ஓரிடத்துக்கு வழக்கமாக வந்தால் அது முக்கியமான இடம் என்கிறது. மொத்தம் 2000 என்றால், 30 பறவை வரும் ஏரி 1.5 சதவீதத்தோடு தேறிவிடும். அதே மொத்தத்தைத் தவறாக 4000 என்று எழுதினால் 0.75 சதவீதம். பறவை அதே 30-தான், ஏரியும் அதேதான், ஆனால் அந்த விதிப்படி ஏரி தேறாது.