சென்னை–லண்டன் ஆகாய மார்க்கம்: தூரமும் பிரயாண காலமும்

சென்னை மீனம்பாக்கத்துக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையிலுள்ள வான்வழித் தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். இடையில் இறங்காத விமானம் இதைக் கடக்க, போகும்போது ஏறக்குறைய 11 மணி நேரமும், திரும்பும்போது அதனினும் சற்றுக் குறைவாகவும் ஆகும்.

இத்தூரம் தேசப்படத்தின்மேல் அளவுகோலை வைத்துக் கண்டதன்று. பூமி உருண்டையாயிருத்தலால், இரு ஸ்தலங்களின் அட்ச, தீர்க்க ரேகைகளைக்கொண்டு, அவற்றிடையே பூமியின் மேற்பரப்பில் அமையும் மிகக் குறுகிய வில்லைக் கணிதத்தால் காண்கிறார்கள். மீனம்பாக்கம் வடக்கே 13 பாகையிலும் கிழக்கே 80 பாகையிலும், ஹீத்ரோ வடக்கே 51½ பாகையிலும் கிரீனிச்சுக்குச் சற்று மேற்கிலும் இருக்கவே, அவ்வில் 74 பாகையாகிறது. பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் மேற்சொன்ன தொகை கிடைக்கும். இங்ஙனம் கணிப்பதற்குப் பூமியின் பருமனும் வடிவமும் முன்னரே செவ்வையாக அளக்கப்பட்டிருத்தல் அவசியம். அம்மகத்தான அளவை இந்தியாவில் தொடங்கியது, இன்றைய விமான நிலையத்துக்கு அண்டையிலுள்ள பரங்கிமலையருகே 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் அளந்த சுமார் ஏழரை மைல் ஆதாரக் கோட்டிலிருந்துதான் என்பது சென்னைவாசிகள் ஒவ்வொருவரும் அறிந்து பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியாகும்.

தூரம் மாறாதது, காலமோ யுகத்துக்கு யுகம் மாறிவந்திருக்கிறது. 1914 மார்ச் 17ஆம் தேதி சென்னையில் கப்பலேறிய கணித மேதை ராமானுஜன் லண்டன் சேர்ந்தது ஏப்ரல் 14இல். 1932 அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு விமானத்தில் கொணர்ந்த சீமைத் தபாலை விமானி நெவில் வின்சென்ட் பல்லாரி மார்க்கமாகச் சென்னைக்கு எடுத்து வந்தபோது, சீமைக் கடிதம் ஆகாய வழியே இந்நகரை எட்டும் காலம் பிறந்தது.

இக்காலத்திலும் பிரயாண நேரம் நாளுக்கு நாள் வேறுபடுவதற்கு, உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பெருங்காற்று ஒரு காரணம். லண்டனுக்குச் செல்லும் விமானத்தை அது எதிர்க்கிறது, திரும்பும் விமானத்தை உந்துகிறது. மற்றொரு காரணம் மனிதர்களின் கலகம். குறுகிய வில் சிந்து, ஆப்கானிஸ்தானம், காஸ்பியன் கடல் வழியாக வடமேற்கே ஓடுகிறதெனினும், 2022இல் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டதுபோல யுத்தத்தால் அடைபடும் வழிகளை விலக்கிச் சுற்றிச் செல்ல வேண்டியிருப்பதால், விமானம் உண்மையில் பறக்கும் தூரம் கணித தூரத்தினும் அதிகமே.

வீட்டு வாசலிலிருந்து எண்ணினால் கணக்கு இன்னும் நீளும். மயிலாப்பூரிலிருந்தோ அடையாற்றிலிருந்தோ மீனம்பாக்கம் பக்கந்தான். தியாகராய நகரிலிருந்து புறப்படுவோர் நந்தனத்தில் மெட்ரோ ரயிலேறலாம். ஆயினும், அப்பளமும் வடுமாங்காயும் அடைத்த பெட்டியை இரவில் நிறுத்துப் பார்த்து, கனத்தைக் குறைத்து, விமானம் கிளம்ப மூன்று மணி முன்னதாகவே நிலையத்தை அடைய வேண்டும்.

பயணச்சீட்டில் அச்சிட்ட நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரப்படியானவை. இந்திய நேரம் லண்டன் நேரத்துக்குக் குளிர்காலத்தில் 5½ மணியும் கோடையில் 4½ மணியும் முந்தியது. ஆதலால் சென்னையில் காலை 5 மணிக்குக் கிளம்பி 11 மணி நேரம் பறந்தவர், குளிர்காலமாயின் அங்கே முற்பகல் 10:30க்கு இறங்குவார்.