முதலில் கோடு, பிறகு மனிதன்: ரொடோல்ஃப் டோப்ஃபரின் முகக்கொள்கை

முன்னுரை

கதைக்குப் படம் வரைபவர் தாம் முன்பே அறிந்த மனித இயல்பை முகமாக மாற்றித் தருகிறார் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. கஞ்சனுக்கு ஒடுங்கிய கன்னம், கோபக்காரனுக்கு நெரித்த புருவம். குணம் முன்னே நடக்க, கோடு அதன் பின்னே போகும். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர் ஜெனீவாவின் ரொடோல்ஃப் டோப்ஃபர் (1799–1846). ஐரோப்பியப் படக்கதையின் முன்னோடி என்று அவரைச் சொல்வது வழக்கம். அவருடைய படக்கதைகளை 1845இல் வெளிவந்த அவரது முகக்குறியியல் கட்டுரையோடு சேர்த்துப் படித்தால், இன்னும் பெரிய பங்களிப்பு ஒன்று புலப்படும். மனிதரை ஆராய்வதற்கே அவர் மனிதரை வரைந்தார். அந்த ஆராய்ச்சியில் முகத்தின் அமைப்பைவிட முகம் மாறும் விதமே மனித இயல்புக்கு நம்பகமான சான்று என்று கண்டார். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

கண்ணும் கருவியும்

டோப்ஃபரின் தந்தை ஓவியர். மகனும் தூரிகை பிடிக்கவே விரும்பினார். கண்நோய் அதற்கு இடந்தரவில்லை. அவர் மாணவர் விடுதிப்பள்ளி ஒன்றை நடத்தினார். 1832 முதல் ஜெனீவா அக்காதெமியில் இலக்கியம் கற்பித்தார். படக்கதைகளை முதலில் மாணவர்களுக்காகவும் நண்பர்களுக்காகவுமே வரைந்தார். முதுமையில் இருந்த ஜெர்மன் கவிஞர் கெதே அவற்றின் கைப்படிகளைப் பார்த்துப் பாராட்டியது, அவற்றை அச்சேற்றும் துணிவைத் தந்தது.

அவர் தேர்ந்த அச்சுமுறையும் இங்கே முக்கியம். வழக்கமான கல்லச்சில் கல்லின்மேல் இடவலம் மாற்றி வரைய வேண்டும். டோப்ஃபர் பதப்படுத்திய தாளில் பேனாவால் நேராக வரைந்தார். அந்தத் தாளிலிருந்து கோடுகள் கல்லுக்கு மாறின. அதனால் படத்தையும் அதன் கீழுள்ள வாசகத்தையும் ஒரே பேனா ஒரே ஓட்டத்தில் எழுத முடிந்தது. வண்ணம் இல்லை. ஆங்காங்கே விட்டுப்போன மெல்லிய கோடு மட்டுமே. இதைக் குறையாக அவர் எண்ணவில்லை. கோடு விட்ட இடத்தைப் பார்ப்பவர் மனம் தானே நிரப்பிக்கொள்ளும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

எந்த முகமும் எதையோ சொல்லும்

ஒரு தாளில் எதையும் எண்ணாமல் ஒரு பக்கவாட்டு முகத்தைக் கிறுக்கிப் பார்க்கலாம். நெற்றிக்கு ஒரு வளைவு, மூக்குக்கு ஒரு முனை, வாய்க்கு ஒரு கீறல், கண்ணுக்கு ஒரு புள்ளி. வரைந்தவர் எந்தக் குணத்தையும் கருதவில்லை. ஆயினும் அந்த முகம் அசட்டுத்தனமாகவோ திமிராகவோ நம்மைப் பார்க்கிறது. இப்போது வாய்க்கீறலின் முனையை ஒரு நெல்மணி அளவு இறக்கினால், சற்று முன் அசடாகத் தெரிந்த கண் வருந்தத் தொடங்கும். கண்ணை நாம் தொடவே இல்லை.

டோப்ஃபரின் கட்டுரை இத்தகைய சோதனைகளால் ஆனது. எவ்வளவு மோசமாக வரையப்பட்டாலும் ஒரு முகத்துக்கு ஏதேனும் ஒரு பாவம் இருந்தே தீரும் என்பது அவர் கண்ட விதி. கலை வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் கோம்ப்ரிச் 1960இல் இதற்கு டோப்ஃபரின் பெயரையே சூட்டினார். பாவம் தனியொரு உறுப்பில் தங்குவதில்லை, உறுப்புகளுக்கிடையிலான உறவில் பிறக்கிறது என்பது இவ்விதியின் உட்பொருள். 1668இல் பிரெஞ்சு ஓவியர் ஷார்ல் லெ ப்ரன் உணர்ச்சிகளை வகைப்படுத்தி, புருவத்துக்கு முதன்மை தந்து பேசினார். கலைஞர் மனப்பாடம் செய்யும் பட்டியலாக அது பயன்பட்டது. டோப்ஃபர் பட்டியலை விட்டுவிட்டு, மாற்றி மாற்றி வரைந்து பார்த்தார். 1837இல் வெளிவந்த 'திருவாளர் கிரெப்பேன்' கதை, முன்கூட்டி வகுத்த கருத்தைவிடத் தற்செயலாகக் கிடைத்த ஒரு முகத்திலிருந்தே பிறந்தது என்று அவரே பதிவுசெய்திருக்கிறார். கோடு முந்தியது, மனிதன் பிந்தி வந்தான்.

நிலைக்குறியும் மெய்ப்பாடும்

முகத்தின் குறிகளை டோப்ஃபர் இரண்டாகப் பிரித்தார். மண்டையின் வடிவு, மூக்கின் நீளம் போன்றவை நிலையானவை. சிரிப்பு, அழுகை, சினம் போன்றவை தோன்றி மறைபவை. 1775 முதல் 1778 வரை வெளிவந்த லவாட்டரின் முகக்குறியியல் நூல்தொகுதி நிலைக்குறிகளைக் கொண்டு குணத்தைக் கணிக்கலாம் என்று ஐரோப்பாவை நம்பவைத்திருந்தது. டோப்ஃபர் அதை மறுத்தார். நிலைக்குறி ஏமாற்றும்; தோன்றி மறையும் குறியே நம்பத்தக்கது. 'கிரெப்பேன்' கதையில் மண்டையோட்டைத் தடவிக் குணம் சொல்லும் ஆசிரியர் ஒருவர் நகைப்புக்கு உள்ளாவதும் இந்த மறுப்பின் தொடர்ச்சிதான்.

தோன்றி மறையும் குறியைத் தமிழ் மரபில் விளங்கிக்கொள்ளப் பொருத்தமான சொல் மெய்ப்பாடு. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களையும் வகுக்கிறது. உடலில் தோன்றும் உணர்வை அதை எழுப்பிய காரணத்தோடு சேர்த்தே படிக்கும் முறை அது. இரு மரபுக்கும் தொடர்பில்லை. ஆனால் டோப்ஃபரின் படக்கதைகளிலும் முகத்தை நிகழ்ச்சியிலிருந்து பிரித்துப் படிக்க முடியாது.

1833இல் அச்சான 'திருவாளர் ழாபோ' இதற்குத் தெளிவான சான்று. ழாபோ என்ற சொல்லே சட்டையின் மார்புச் சுருக்கத்தைக் குறிக்கும். மேட்டுக்குடியினர் கூட்டத்தில் இடம்பிடிக்க ஏங்கும் அவர், ஒவ்வொரு சங்கடத்துக்குப் பின்னும் 'மீண்டும் தம் நிலையில் நின்றுகொள்கிறார்'. இவ்வாசகம் கதை நெடுகத் திரும்பத் திரும்ப வருகிறது. முதல்முறை அந்த நிமிர்வு தற்பெருமையாகத் தெரிகிறது. அடி மேல் அடி விழுந்தபின் அதே நிமிர்வில் ஒரு தவிப்பும் தெரியத் தொடங்குகிறது. மூக்கு மாறவில்லை, சட்டை மாறவில்லை. அவரைப் பற்றிய நம் அறிவு மாறிவிட்டது. ஒற்றைப் படத்தால் இதைச் செய்ய இயலாது.

ஒரு மறுப்பு

டோப்ஃபரும் வகைமாதிரி முகங்களைத்தானே வரைந்தார், ழாபோவின் மூக்கையும் மோவாயையும் கண்டதுமே நாம் தீர்ப்புச் சொல்லிவிடவில்லையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வாசகர் மனத்தில் விரும்பிய விளைவை எழுப்ப நிலைக்குறிகளை அவர் தாராளமாகக் கையாண்டார். ஆனால் அவர் கதைகளில் நிலைக்குறி ஓர் அளவுகோலாக நிற்கிறது. அது மாறாதிருப்பதால்தான் மற்றவை மாறுவதை நாம் அளக்க முடிகிறது.

அந்த அளவுகோலையே தீர்ப்பாக்கினால் என்ன நேரும் என்பதை வரலாறு காட்டியிருக்கிறது. 1923இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட 'டெர் ஷ்டூர்மர்' இதழ் மூக்கின் வடிவை ஓர் இனத்தின் குணமாக வரைந்து யூத வெறுப்பைப் பரப்பியது. அங்கே நிகழ்ச்சி எதுவாயினும் தீர்ப்பு முன்பே எழுதப்பட்டிருந்தது. மாறாத மூக்கு ழாபோவுக்கும் உண்டு. ஆனால் வெட்கப்படவும், தடுமாறவும், எழுந்து நிற்கவும் அவருக்கு அடுத்தடுத்த கட்டங்கள் தரப்பட்டன.

முடிவுரை

உயிருள்ள உருவத்தை உருவாக்குவது மிகைப்படுத்தலின் அளவு என்று ஓவியப் பயிற்சிகளில் சொல்லக் கேட்கிறோம். டோப்ஃபரின் சான்று வேறொரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. ஒரு முகத்தை வரைந்ததும், அதே முகத்தை ஏதேனும் ஒன்று நேர்ந்தபின் மறுபடி வரைய வேண்டும். மனித இயல்பு குறித்து ஓவியர் எதையேனும் கண்டறிந்தாரா என்பதை அந்த இரண்டாவது முகம் சொல்லும்; முதல் முகத்தை அவர் எவ்வளவு நியாயமாக வரைந்தார் என்பதையும் அதுவே சொல்லும்.