சிவப்பு அடையாள அட்டை: மலாயாத் தோட்டத் தமிழரும் நிரந்தர வசிப்பிடத் தகுதியும்

மலேசிய இந்தியர் வரலாற்றை எழுதியோர் பலரும் குடியுரிமைச் சிக்கலுக்கு வரும்போது ஒரே ஒரு சொல்லில் அதனைக் கடந்து சென்றுவிடுகின்றனர். ‘அறியாமை’ என்பதே அச்சொல். தோட்டத் தொழிலாளர் படிப்பறிவற்றவராக இருந்தனர். ஆகவே உரிய காலத்தில் விண்ணப்பிக்கத் தவறினர். ஆகவே சிவப்பு அடையாள அட்டையுடன் முதுமை எய்தினர் என்பது பரவலாக ஏற்கப்பட்டுள்ள விளக்கமாகும். மேடைகளில் மட்டுமின்றி ஆய்வேடுகளிலும் இக்கூற்று மீண்டும் மீண்டும் இடம்பெறக் காண்கிறோம். நம்முடைய தொடக்ககால எழுத்துகளிலும் இதனை நாம் எழுதியிருக்கிறோம் என்பதை மறைப்பதற்கில்லை. பிற்பாடு, அவ்வக்காலச் சட்டங்கள் விண்ணப்பதாரரிடம் எவற்றைக் கேட்டன, தோட்டத் தொழிலாளியிடம் எவை இருந்தன என்பவற்றை அருகருகே வைத்துப் பார்த்தபோது, அறியாமை என்னும் விளக்கம் போதுமானதன்று என்னும் முடிவுக்கு வர நேர்ந்தது. அம்முடிவுக்கான காரணங்களை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாள் தேவைப்படாத காலம்

ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடிபெயர்வு முகாம்களில் தங்கவைக்கப்பட்டு, கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கிய தமிழ்த் தொழிலாளி, சட்டத்தின் பார்வையில் வேற்று நாட்டிற்கு வந்தவன் அல்லன். அவன் பிரிட்டிஷ் பிரஜை. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட ஒரு நிலத்திலிருந்து அவ்வாட்சிக்கோ அதன் பாதுகாப்பிற்கோ உட்பட்ட மற்றொரு நிலத்திற்குச் சென்றவன். 1933ஆம் ஆண்டில் அயலார் வருகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவரப்பட்டபோது, அதன் பிடியில் சிக்கியோர் பெரும்பாலும் சீனரே ஆவர். இந்தியர் வருகையைக் கட்டுப்படுத்தியது மலாயாவின் குடிநுழைவுச் சட்டமன்று. ரப்பர் விலையும், 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும்தான். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தபோதும், வாயிலை அடைத்தது இந்தியாவே தவிர மலாயா அன்று.

தங்குவதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்னும் எண்ணமே அத்தலைமுறையினருக்கு எழ வாய்ப்பில்லை என்பதற்காகவே இதனை இங்குச் சுட்டுகிறோம். கேட்காமலேயே அழைத்துவரப்பட்டவர்கள் அவர்கள். கங்காணி ஊருக்கு வந்து பெயரெழுதிக்கொண்டு போனான். கப்பற்செலவைத் தோட்ட முதலாளிகளிடம் திரட்டப்பட்ட குடியேற்ற நிதி ஏற்றுக்கொண்டது. அவர்களைப் பற்றிய பதிவுகள் யாவும் பிறர் கையிலேயே இருந்தன. பெரட்டுக் களத்தில் ஒவ்வொரு நாளும் கூப்பிடப்பட்ட பெயர்ப்பட்டியல் தோட்ட அலுவலகத்திற்குரியது. அதனை எழுதியவர் கிராணியார். ஒரே ஆள் ஒரு தோட்டத்தில் முத்தன் என்றும், மற்றொன்றில் முத்துசாமி என்றும் எழுதப்பட்டிருப்பது அரிதன்று. சயாம் - பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பியோர்க்குப் பழைய தோட்டமும் இல்லை, பழைய பதிவேடும் இல்லை என்னும் நிலை ஏற்பட்டது.

1948: எல்லைக்கோடுகளும் ஆண்டுக் கணக்குகளும்

1946 ஏப்ரலில் தொடங்கப்பெற்ற மலாயன் யூனியன் திட்டம் குடியுரிமையை மிகத் தாராளமாக வழங்க முன்வந்தது. மலாய் மக்களின் கடும் எதிர்ப்பினால் அத்திட்டம் கைவிடப்பட்டு, 1948 பிப்ரவரி 1ஆம் நாள் மலாயாக் கூட்டரசு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இவ்வுடன்படிக்கையின் குடியுரிமை விதிகளைத் தமிழ் ஆசிரியர்கள் ஒருமுறையேனும் நிதானமாகப் படித்துப் பார்த்தல் நன்று. பினாங்கு, மலாக்கா ஆகிய நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் பிறந்து, கூட்டரசில் தொடர்ந்து 15 ஆண்டுகள் வாழ்ந்த பிரிட்டிஷ் பிரஜை சட்டத்தின் இயக்கத்தாலேயே குடிமகன் ஆனார். மலாய் மாநிலங்களில் பிறந்த தமிழருக்கோ பெற்றோரின் பிறப்பிடம் முதலான மேலும் பல நிபந்தனைகள் இருந்தன. செபராங் பிறையின் நிபோங் திபாலில் பிறந்த பிள்ளைக்கும், சில கல் தொலைவில் பேராக்கைச் சேர்ந்த பாரிட் புந்தாரில் பிறந்த பிள்ளைக்கும் சட்டம் ஒன்றாக இருக்கவில்லை. பெருந்தோட்டங்களில் மிகப் பல மலாய் மாநிலங்களிலேயே இருந்தன என்பதை நினைவிற் கொள்ளின் இவ்வேறுபாட்டின் விளைவு விளங்கும்.

விண்ணப்பித்துப் பெறுவோர்க்கான விதிகள் பின்வருமாறு அமைந்தன. மலாயாவில் பிறந்தவராயின் முந்தைய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள், வெளியில் பிறந்தவராயின் முந்தைய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருத்தல் வேண்டும். நன்னடத்தை, மலாய் அல்லது ஆங்கில மொழியறிவு, நிரந்தரமாக இங்கேயே வாழும் எண்ணம், உறுதிமொழி ஆகியனவும் தேவைப்பட்டன. 15 ஆண்டுகள் வாழ்ந்ததை எதனைக் காட்டி மெய்ப்பிப்பது? வாடகைச் சீட்டு இல்லை. லயத்து வீடு தோட்டத்திற்குரியது. நிலவரி கட்டிய ரசீதும் இல்லை. எஞ்சியது நிர்வாகத்தின் கடிதம் ஒன்றே. தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ கிராணியாரை எதிர்த்துப் பேசியதற்காகவோ தோட்டம் மாறியவர்களுக்கு அக்கடிதம் எளிதில் கிட்டியிருக்குமா என்பதை வாசகர் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 12 வயதிற்கு மேற்பட்ட அனைவருக்கும் புகைப்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கும் பணி நாடெங்கும் நடைபெற்றது. பாதுகாப்பை முன்னிட்டு எழுந்த இவ்வட்டைக்கும் குடியுரிமைக்கும் தொடர்பே இல்லை. ஆயின் தோட்டத்து மக்களைப் பொறுத்தவரை அரசாங்கம் தம் முகத்தையும் விரலையும் பதிந்துகொண்டு தம் பெயரில் தந்த தாள் அது. சிலாங்கூர், பேராக் தோட்டப்புறங்களில் நாம் சந்தித்த முதியோருள் பலர் ஏறத்தாழ ஒரே தொடரைக் கூறினர்: “அதான் ஐசி குடுத்துட்டாங்களே, அப்புறம் என்ன?” இதனை அறியாமை என்று பெயரிடுவது எளிது. ஆனால் அரசு ஒரு மனிதனைப் பதிவுசெய்துகொண்டால் அவனை ஏற்றுக்கொண்டது என்று கருதுவது அத்துணை மூடத்தனமான ஊகமா?

1957: திறந்திருந்த வாயிலும் தயங்கிய கால்களும்

1952ஆம் ஆண்டில் குடியுரிமை விதிகள் ஓரளவு தளர்த்தப்பட்டன. அவ்வாண்டின் குடிநுழைவுச் சட்டமோ, 1953 முதல் நடைமுறைக்கு வந்து, புதியோர் வருகையைப் பெரிதும் மட்டுப்படுத்தியது. உள்ளிருப்போருக்கு வாயில் சற்றே திறக்க, வெளியிலிருப்போருக்கு அடைபட்டது. 1959ஆம் ஆண்டில் மனைவி மக்களை வரவழைப்பதும் மேலும் கடினமாக்கப்பட்டது. ஊரில் மனைவியை விட்டுவந்த தொழிலாளிக்கு இது வெறும் சட்டச் செய்தியன்று.

1957 ஆகஸ்டு 31ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் இதுகாறும் இல்லாத வாய்ப்பை அளித்தது. அந்நாள் முதல் இம்மண்ணில் பிறப்போர் பிறப்பாலேயே குடிமக்கள் ஆயினர். வெளியில் பிறந்து இங்கு வாழ்ந்து வந்தோர், முந்தைய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் தங்கியிருந்தால் பதிவின்வழிக் குடியுரிமை பெறலாம். தொடக்கநிலை மலாய் அறிவு வேண்டும். முதலாண்டிற்குள் விண்ணப்பித்தோரில் ஒரு சாராருக்கு மொழித்தேர்விலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது. அக்காலத்தில் ஏறத்தாழ 7 லட்சம் இந்தியர் கூட்டரசில் வாழ்ந்தனர். பலர் விண்ணப்பித்தனர், பலர் விண்ணப்பிக்கவில்லை. சிங்கப்பூரிலும் அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழர் குடியுரிமை பெற வேண்டும் என்பதற்காக அரும்பாடுபட்டதை நாமறிவோம். அவர் போன்றோர் ஊர் ஊராகச் சொல்லியும் தயங்கியோர் இருந்தனர் என்றால், செய்தி எட்டாமை மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

தயக்கத்திற்கு வலுவான காரணம் இந்தியாவின் பக்கத்திலும் இருந்தது. தாமாக முன்வந்து பிறநாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகனாக இருக்க இயலாது என்பது இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் விதி. விண்ணப்பத்தில் கைரேகை வைப்பது, கடைசிப் புகலிடத்தைத் தன் கையாலேயே மூடிவிடுவதாகும். தோட்டத் தொழிலாளியின் வேலை உறுதியற்றது. ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டமையும், அதனை எதிர்கொள்ள வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தமையும் அனைவரும் அறிந்தனவே. வேலையும் வீடும் ஒரே நாளில் போகக்கூடிய நிலையில் உள்ள ஒருவன், ஊரில் எஞ்சியிருக்கும் அரைக்காணி நிலத்தையோ அண்ணன் வீட்டுத் திண்ணையையோ மனத்திலிருந்து அழித்துவிட மறுத்தால், அதனை அறியாமை என்பதைவிட முன்னெச்சரிக்கை என்பதே பொருந்தும். அம்முன்னெச்சரிக்கை பிற்காலத்தில் பெருந்தவறாக முடிந்தது என்பது வேறு; பின்னர் நிகழ்ந்ததைக் கொண்டு முன்னர் எடுத்த முடிவை அளப்பது வரலாற்று ஆய்வாளர் செய்யத்தக்கதன்று.

இலங்கை மலையகத் தமிழரின் நிலையோடு இதனை ஒப்பிடுவோர் உளர். அங்கு 1948ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு அரசுகளுக்கிடையே பங்கிட்டுக்கொள்ளும் பொருளாக்கியது. மலாயாவில் அவ்வாறு நிகழவில்லை. இங்கு வாயில் இருந்தது. ஆயின் அது தாளைக் கையில் வைத்திருப்போருக்கான வாயில்.

சிவப்பு நிறத்தின் விலை

குடிமக்களுக்கு நீல அட்டை, குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டை என்னும் பாகுபாடு நிலைபெற்ற பின்னரும், சில ஆண்டுகள் வரை அன்றாட வாழ்வில் அவ்வேறுபாடு பெரிதாக உறைக்கவில்லை. வாக்குரிமை இல்லை என்பதைத் தவிரப் பால்மரம் சீவுவதற்கு நிறம் குறுக்கே நிற்கவில்லை. அதனை மாற்றியது 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடிமக்கள் அல்லாதோரை வேலைக்கு வைத்துக்கொள்ள அனுமதிச்சீட்டு வேண்டும் என்றது அச்சட்டம். முப்பது, நாற்பது ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்த சிவப்பு அட்டைக்காரரும் அதற்கு விலக்கல்லர். 1969 மே 13 கலவரத்திற்குப் பின்னர் இச்சட்டம் முனைப்புடன் செயற்படுத்தப்பட்டபோது, ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் நாடு திரும்பினர் என்னும் மதிப்பீடு ஆய்வு நூல்களில் தொடர்ந்து எடுத்தாளப்படுகிறது. தோட்டப்புறத்தார் இன்றும் அதனை ‘பெர்மிட் காலம்’ என்றே குறிப்பிடுகின்றனர். ரஜூலா கப்பலில் ஏறியோருடன் துறைமுகம் வரை சென்று திரும்பியவர்களிடம் பேசும்போது, யார் போனார் என்பதைவிட ஒரே குடும்பத்தில் யாருக்கு எந்த நிறம் என்பதைப் பற்றியே அவர்கள் மிகுதியாகப் பேசுகின்றனர். தந்தை சிவப்பு, தாய் நீலம், மூத்தவன் சிவப்பு, மெர்டேக்காவுக்குப் பின் பிறந்த இளையவள் நீலம் என்பதாக ஒரே லயத்து வீட்டில் இரு நாடுகள் இருந்தன.

1962ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தம் நிரந்தர வசிப்பிடத் தகுதிக்குப் புதியதொரு கனத்தை அளித்திருந்தது. பிறப்பால் குடியுரிமை பெறப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என அத்திருத்தம் வகுத்தது. ஆகவே சிவப்பு அட்டை அதனை வைத்திருந்தவருக்கு வாக்கைத் தராவிடினும் அவர்தம் பிள்ளைக்கு நாட்டைத் தந்தது. ஆனால் பிள்ளையின் பிறப்பு உரிய காலத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். பெற்றோரின் திருமணமும் பதியப்பட்டிருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டி, லயத்தில் மருத்துவச்சி கையில் பிள்ளை பெற்றோர் இங்கும் தாளிடமே தோற்றனர். பிறப்புப் பத்திரமின்றி முதலாம் ஆண்டுச் சேர்க்கைக்கு வந்து நின்ற பிள்ளைகளை நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் நன்கறிவர். அவர்களுக்கு இப்பகுதியை விரித்துரைக்க வேண்டியதில்லை.

எண்பதுகள், தொண்ணூறுகளில் தோட்டங்கள் நகர்களாக மாறி, மக்கள் மலிவுவிலை வீடுகளுக்கு விண்ணப்பித்தபோது நீல அட்டை கேட்கப்பட்டது. அப்போது குடியுரிமைக்கு விண்ணப்பித்த முதியோர், மலாய்மொழித் தேர்வில் அதிகாரியின் முன் நின்றனர். சந்தையிலும் பேருந்திலும் ஐம்பதாண்டுகள் மலாய் பேசியவர்களே அலுவலக மேசையின் முன் நாவெழாது நின்றதாகக் கூறுகின்றனர். விடை வர ஆண்டுகள் பல ஆயின. மறுக்கப்பட்டோர்க்குப் பல வேளைகளில் காரணம் கூறப்படவில்லை.

2011ஆம் ஆண்டில் ‘மைடஃப்தார்’ என்னும் பெயரில் ஆவணமற்ற இந்தியரைப் பதியும் இயக்கம் நடத்தப்பட்டது. 2018 ஆகஸ்டில், 60 வயதைக் கடந்த, சிவப்பு அட்டை வைத்திருந்த 3,407 இந்தியருக்குக் குடியுரிமை வழங்கப்படும் எனப் பிரதமர் மகாதீர் அறிவித்தார். அறுபதாண்டுகளுக்கு முன் எழுந்த ஒரு சிக்கலின் எச்சம் அவ்வெண்ணில் உள்ளது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தமோ, நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை என்னும் 1962ஆம் ஆண்டின் ஏற்பாட்டை நீக்குகிறது. மலேசியத் தாய்மார் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைகளுக்கு நன்மை செய்யும் திருத்தம் என்றே அது பெரிதும் பேசப்பட்டது. இப்பகுதி பற்றி நம்மவரிடையே எழுந்த பேச்சு மிகக் குறைவு என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

எங்கள் பாட்டியார் சிவப்பு அட்டையுடனேயே மறைந்தார். அவர் விட்டுச்சென்ற தகரப் பெட்டியில் தோட்ட நிர்வாகத்தின் கடிதங்கள் இரண்டு, பெயர் மாறுபாட்டிற்காக எழுதிக்கொடுத்த சத்தியப் பிரமாணம் ஒன்று, விண்ணப்பம் பெறப்பட்டது என்னும் ரசீதுகள் நான்கு இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத அவர், அவற்றைக் காலவரிசை பிறழாமல் அடுக்கி, நூலால் கட்டி வைத்திருந்தார்.