குடத்துக்குள் யார் பெயர்?

கொஞ்சம் நீளமான பதிவு. சமையல் முடித்துவிட்டு, ஆற அமர உட்கார்ந்து வாசியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். தாம்பரத்துக்கு மேற்கே ஓர் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறாள். கையில் இரண்டு நோட்டீஸ். மஞ்சள் தாளில் இருந்தது அம்மன் கோயில் கூழ் வார்க்கும் திருவிழா. வெள்ளைத் தாளில் இருந்தது ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டம். "ரெண்டுக்கும் வரணும் டீச்சர்" என்றாள். "கூழுக்கு வரேன். கிராம சபைக்கு நான் எதுக்கு? நான் மாநகராட்சிக்காரி ஆச்சே" என்றேன். "ஓட்டு உங்களுக்கு இல்ல. வந்து உட்கார்ந்தா போதும். டீச்சர் உட்கார்ந்திருந்தா கணக்கை ஒழுங்கா வாசிப்பாங்க" என்றாள்.

அந்தச் சொல்தான் என்னை 1993-க்கு இழுத்துக்கொண்டு போனது. அப்போது நான் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை. ஆசிரியர் பயிற்சி முடித்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகளை உத்திரமேரூருக்கு அழைத்துப் போனோம். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து பஸ். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு கூடை நிறைய எலுமிச்சை சாதம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டி, "ஜனநாயகத்தின் தொட்டில்" என்று பாடத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன்.

கல்வெட்டு உண்மையிலேயே வியப்பானதுதான். முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 919) ஒரு விதிமுறை எழுதினார்கள். அதில் ஓட்டை இருப்பது தெரிந்ததும் இரண்டே வருஷத்தில், 14-ஆம் ஆட்சியாண்டில் (921), திருத்தி எழுதினார்கள். முதல் விதியில் வயது 30 முதல் 60 வரை. திருத்தியதில் 35 முதல் 70 வரை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். ஊர்ச் சபை மொத்தமும் உட்கார்ந்திருக்கும். நம்பிமாரில் மூத்தவர் எழுந்து நின்று எல்லோருக்கும் தெரியும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு காலிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, மறுபடி அந்தச் சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். ஓலையை மாற்றி வைக்க வழியில்லை! அவர் வாசிப்பார், பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிப்பார்கள். அதற்கு அப்புறம்தான் பெயர் உறுதி.

இப்படி எடுத்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். இவை தவிர பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியாக ஓலை எடுத்தார்கள். பதவி 360 நாள். முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். மூன்று வருஷத்துக்குள் பதவியில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது.

யார் நிற்கக் கூடாது என்ற பட்டியல் இன்னும் கடுமை. பிறர் பொருளைத் திருடியவர், பொய் ஆவணம் எழுதியவர், குற்றத்துக்காகக் கழுதை மேல் ஏற்றப்பட்டவர் என்று போகிறது. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமில்லை, சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாய்மாமன், சித்தப்பா, மருமகன் என்று சொந்தங்களை எல்லாம் எண்ணி எண்ணித் தடுத்திருக்கிறார்கள். நம் ஊரை நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் இது.

இதையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லி முடித்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள். "டீச்சர், அந்தக் குடத்துல எங்க அம்மா பேரு இருந்திருக்குமா?"

அவள் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். வீடு காலனியில். எனக்குப் பதில் தெரியும். கல்வெட்டே சொல்கிறது: வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதமும் மந்திர பிராமணமும் தெரிந்திருக்க வேண்டும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அந்தச் சபையில் பெண்ணுக்கு இடமில்லை, உழுதவனுக்கும் இடமில்லை. இதைச் சொல்லாமல் நான், "அந்தக் காலம் வேறம்மா, வரிசையில நில்லு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். ஆசிரியர் வேலையில் நான் செய்த தவறுகளை எண்ண ஆரம்பித்தால் இதுதான் முதலில் நிற்கிறது.

திரும்பும்போது ரயிலில் அவளே இன்னொன்றும் சொன்னாள். திருவிழாவில் கரகம் அவர்கள் தெருவுக்கு வராதாம். "நாங்க ரோட்டுக்கு வந்து பார்ப்போம் டீச்சர்." குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள்.

அதற்கப்புறம்தான் நான் கொஞ்சம் தேடிப் படித்தேன். சோழர் காலத்தில் எல்லா ஊரும் உத்திரமேரூர் இல்லை. பிராமண ஊர்களில் சபை. வேளாளர் ஊர்களில் 'ஊர்' என்றே ஓர் அமைப்பு. வணிகர்களுக்கு நகரம். பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்கு நாட்டார். நம் பக்கத்து மணிமங்கலமும் அன்று லோகமகாதேவி சதுர்வேதிமங்கலம்தான். அங்குள்ள ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர் முழுக்கக் கல்வெட்டு. பஸ்ஸில் அந்த வழியே எத்தனை முறை போயிருப்போம், இறங்கிப் பார்த்தோமா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியல் வருகிறது. அதில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி என்றும் வரும். அவர்கள் ஊரில் இருந்தார்கள், கணக்கில் இருந்தார்கள். குடத்துக்குள்தான் இல்லை.

ஏரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதுதான் நம் மாவட்டத்தின் உயிர். உத்திரமேரூர் ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர், பல்லவர் காலத்துப் பெயர். தூர் வாருவதற்கென்றே பொன்னைச் சபையிடம் வைத்திருக்கிறார்கள். அசல் அப்படியே இருக்கும், வட்டியில் வேலை நடக்கும். நம் தாத்தா காலம் வரை ஒவ்வோர் ஊரிலும் நீர்க்கட்டி இருந்தார், மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் பொறுப்பு, அதற்கு மானியம் உண்டு. கரையைப் பலப்படுத்த வீட்டுக்கு ஓராள் வர வேண்டும், அதுதான் குடிமராமத்து. வெள்ளைக்காரன் 1858-இல் இதற்கென்று ஒரு சட்டமே போட்டான். வழக்கமாக இருந்தபோது நடந்த வேலை சட்டமானதும் படுத்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏரி நிரம்பிக் கோடி போனால் அன்றைக்கு ஊரில் பொங்கல். மீன்பாசிக் குத்தகை, புளியமரக் குத்தகைப் பணம் திருவிழாவுக்குப் போகும். ஏரியும் திருவிழாவும் ஒரே நோட்டில் எழுதிய கணக்குகள்.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது எத்தனை பேர் அடையாறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள் தெரியுமா? ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர்தான் சேர்ந்து அடையாறு ஆகிறது. மேலே ஏரியைப் பற்றி உட்கார்ந்து யோசித்த ஊர்கள் அவை. கீழே நாம் வாய்க்கால் மேல் பிளாட் வாங்கிக் குடியேறினோம். நானும்தான், மறைப்பானேன்.

தேர்தல் விஷயத்துக்கு வருகிறேன். 360 நாளுக்கு ஒருமுறை குடம் குலுக்கிய மண்ணில் நாம் என்ன செய்தோம்? 1920-இல் சென்னை மாகாணத்தில் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம், 1950-இலும் 1958-இலும் புதுச் சட்டங்கள். காமராசர் காலத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. எனக்குச் சம்பளம் கொடுத்த பள்ளிகள் அந்த ஏற்பாட்டின் பிள்ளைகள். ஆனால் 1970-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபின் அடுத்தது 1986-இல். பதினாறு வருஷம்! அதற்கடுத்தது 1996.

அந்த 1996 தேர்தல் வேறு மாதிரி. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. நாங்கள் உத்திரமேரூர் போன அதே வருஷம். எனக்கு அப்போது அது ஒரு செய்தித்தாள் வரி, அவ்வளவுதான். அடுத்த வருஷம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மக்கள்தொகைக்கு ஏற்ற இடம். பெண்களின் பங்கு 2016-இல் பாதியானது. தேர்தல் வேலைக்காக நான் முதல்முறை வாக்குச்சாவடியில் உட்கார்ந்தது 1996-இல்தான். களையெடுத்த கையில் மை வைத்தேன். வாக்குச்சீட்டில் நின்ற பெயர்களிலும் களையெடுத்த கைகள் இருந்தன.

சும்மா வந்துவிடவில்லை அது. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் உடன் இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தனித்தொகுதி என்பதற்காகப் பத்து வருஷம் தேர்தலே ஒழுங்காக நடக்கவிடவில்லை. 2006-இல்தான் நடந்தது. குடவோலையைப் பற்றிப் பெருமை பேசும்போது இந்த ஊர்ப் பெயர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. பாடப்புத்தகத்தில் இருக்காது.

2016-க்குப் பிறகு மறுபடி இழுபறி. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. அதே வருஷம் நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். 70 வார்டு. மேயர் பதவி ஆதிதிராவிடப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. 2022-இல் வசந்தகுமாரி கமலக்கண்ணன் முதல் மேயரானபோது அவருக்கு வயது 25. உத்திரமேரூர்க் கணக்குப்படி குடத்துக்குள் போக இன்னும் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும்! செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அந்த ரயில் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. கட்சி எதுவானாலும் எனக்கு அன்று சந்தோஷம்.

ஆனால் ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவுகிறது. ஊராட்சியில் யார் வேண்டுமானாலும் கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்கலாம். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, இப்போது மார்ச் 22, நவம்பர் 1-ம் சேர்ந்து வருஷத்துக்கு ஆறு கூட்டம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நிலமும் வேண்டாம் வேதமும் வேண்டாம். மாநகராட்சியில் எங்களுக்குப் பகுதி சபை என்று ஒன்று வந்திருக்கிறது. நான் இரண்டு முறை போனேன். மனு வாங்கிக்கொண்டார்கள், டீ கொடுத்தார்கள். வரவு செலவு யாரும் வாசிக்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. சுற்றியுள்ள ஊராட்சிகளையும் மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சு அடிக்கடி வருகிறது. அந்த ஊர்க்காரர்கள் வேண்டாம் என்பது வரி கூடும், நூறு நாள் வேலை போகும் என்பதால். கிராம சபை போய்விடும் என்று யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. என் மாணவி மட்டும் சொன்னாள். "போன வருஷம் மீன்பாசிக் குத்தகைப் பணம் எங்கேன்னு ஒரு அம்மா எழுந்து கேட்டாங்க டீச்சர். பதில் சொல்லாம கூட்டத்தை முடிக்க முடியல."

ரயிலில் பேசிய பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று வந்தவளிடம் கேட்டேன். கல்யாணமாகி ஒரகடம் பக்கம் போய்விட்டாளாம், கம்பெனியில் வேலையாம். நம்பர் வாங்கி அனுப்புகிறேன் என்றாள். இன்னும் வரவில்லை.

அவள் போனபிறகு மஞ்சள் நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தேன். கரகம் போகும் தெருக்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. நான்காவதாகக் காலனிப் பெயர். உடனே போன் செய்து, "இது கிராம சபைத் தீர்மானமா?" என்றேன்.

"இல்ல டீச்சர். கோயில் கமிட்டியில மூணு வருஷம் சண்டை போட்டோம். கமிட்டிக் கணக்கைக் காட்டுங்கன்னு கேட்டதும் தெருவைச் சேர்த்துட்டாங்க. கணக்கு இன்னும் வரல."

கூட்டம் ஆகஸ்ட் 15, காலை 11 மணி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி வளாகம். குடை எடுத்துக்கொண்டு போகப் போகிறேன்.