பட்டும் சோப்பும்

தங்கை மகள் கல்யாணச் சேலைக்காகக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டே நெய்த பெரியவர் திடீரென்று தறியைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறினார். இழுப்பு. மருமகள் ஓடிவந்து ஒரு சின்னக் குழலை அவர் வாயில் வைத்தாள். உறிஞ்சினார், சற்றைக்கெல்லாம் முகம் தெளிந்தது.

"இந்தப் புகை உள்ளே போய் என்னதான் பண்ணுது, சார்?" என்று கேட்டார். இன்டர்மீடியட்டோடு படிப்பை முடித்தவனுக்கு என்ன தெரியும்? ஊர் திரும்பிப் புத்தகங்களைப் புரட்டினேன்.

மூச்சுக்குழல் தசையின் ஒவ்வோர் அணுவுக்கும் கொழுப்பால் ஆன சவ்வு ஒன்று சுவராக இருக்கிறது. அதில் பதிந்திருக்கும் 'ஏற்பி' என்ற புரதம்தான் பூட்டு, மருந்து சாவி. 1948-ல் ஆல்க்விஸ்ட் என்ற அமெரிக்கர் அட்ரினலினுக்கு இருவகை ஏற்பிகள் உண்டு என்றார். அன்று அது வெறும் ஊகம். 1970-களில் லெஃப்கோவிட்ஸ், கதிரியக்க அடையாளம் இட்ட மருந்தைச் சவ்வில் ஒட்டவைத்து, ஒட்டியதை அளந்து காட்டினார்.

ஆனால் பூட்டைத் தனியே எடுத்துப் பார்க்க இரண்டு தடைகள். உடம்பில் அது இருப்பதோ துளி. சவ்விலிருந்து பிரிக்கவோ சோப்புப் போன்ற பொருள் வேண்டும். கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் கொதிக்க வைத்தால் பசை போய்ப் பட்டு மின்னும். ஏற்பி அப்படியல்ல, சுற்றியுள்ள கொழுப்புப் போனால் உருக்குலைந்துவிடும். அப்புறம் சாவி பொருந்தாது.

முதல் தடையை நீக்கியது புழு! பட்டுப்புழுவைக் கொல்லும் வைரஸுக்குப் பங்காளி ஒன்று வேறு புழுக்களைத் தாக்குகிறது. 1983-ல் டெக்ஸாஸில் சம்மர்ஸும் ஸ்மித்தும் அந்த வைரஸில் மனித மரபணு ஒன்றைப் புகுத்தினார்கள். புழுவின் அணுக்கள் மனிதப் புரதத்தைச் செய்து கொடுத்தன! 1985-ல் ஜப்பானியரான மயேதா பட்டுப்புழுவிலேயே அதைச் செய்தார். 2018 முதல் நம் நாட்டு மக்காச்சோளத்தைத் தின்கிறதே படைப்புழு, அதன் அணுக்களில்தான் கோபில்கா மனித ஏற்பியை வளர்த்தார்.

இரண்டாவது தடைக்குப் பல வைத்தியங்கள். 2004-ல் ஹைதராபாத் உயிரணு ஆராய்ச்சி மையத்தில், மாட்டு மூளைச் சவ்விலிருந்து கொலஸ்டிராலை எடுத்தால் ஏற்பியின் பிடிப்புக் குறைவதையும், திருப்பிக் கொடுத்தால் மீள்வதையும் கண்டார்கள். 2007-ல் கோபில்கா கூட்டத்தார் வேறொரு கெட்டிப் புரதத்தை முட்டுக்கொடுத்து ஏற்பியின் உருவத்தைப் பார்த்தார்கள். 2008-ல் கேம்பிரிட்ஜில், வான்கோழி ஏற்பி ஒன்றில் ஆறே ஆறு இடங்களை மாற்ற, அது 21 டிகிரி அதிகச் சூட்டைத் தாங்கியது. 2012-ல் லெஃப்கோவிட்ஸுக்கும் கோபில்காவுக்கும் நோபல் பரிசு.

வேடிக்கை என்னவென்றால், பெரியவர் உறிஞ்சுகிற மருந்து 1969-லேயே வந்துவிட்டது. சாவி முன்னே, பூட்டுப் பின்னே! ஆனால் இனி வரும் சாவிகளை இருட்டில் துழாவ வேண்டாம்.

சேலை வாங்கப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை.

"இருந்த இடத்தை விட்டுப் பிரிச்சா எதுவும் குலையத்தான் செய்யும், சார். என் மகனும் தறியை விட்டு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் போயிட்டான். அவன் குலையலை, கொழுப்பு நிறைய இருக்கு!" என்று சிரித்தார்.

பிறகு, காலியாகக் கிடந்த இரண்டாவது தறியைத் துணியால் துடைத்தார்.